சொதிக்குப் பிழிந்த சக்கையும் பாக்கெட் பாதாம் மாவும்: லோ கார்ப் குக்கீக்கு எதை வாங்கலாம்?

லோ கார்ப், அதாவது மாவுச்சத்து குறைந்த குக்கீ வாயில் கரைவதும் மண்ணாக உதிர்வதும் மாவைப் பொறுத்தது. இனிப்பூட்டி அதற்கு அடுத்தது. அடுப்பு அதற்கும் அடுத்தது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை கூடிய இனிப்பூட்டியை வரவழைத்துவிட்டு, கிடைத்த பாதாம் தூளில் பிசைந்து, குக்கீ கையில் எடுக்கும்போதே நொறுங்குகிறது என்று விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்து, எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தோல் நீக்கிய நைசான பாதாம் மாவு ஒரு பாக்கெட், எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி ஒரு பாக்கெட், உதிராமல் பிடிக்க மருந்துக் கடை இசப்கோல் உமி ஒரு டப்பா. இந்த மூன்றை மட்டும் வாங்கினால் போதும். மற்றதெல்லாம் நம் வீட்டில் இருக்கிறது.

எண்ணிக்கையில் தெளிவு வேண்டும். 100 கிராம் பாதாமில் மொத்த மாவுச்சத்து சுமார் 21 கிராம். அதில் 12 கிராம் நார்ச்சத்து. அதைக் கழித்தால் நிகரமாக 9 கிராம். நிலக்கடலையில் நிகரம் 7 அல்லது 8 கிராம். முந்திரியில் 27 கிராம் வரை போகும். மைதாவில் 70 கிராமுக்கு மேல். ராகி, கம்பு, தினை எல்லாம் நல்ல தானியங்கள்தான். ஆனால் அவற்றிலும் 100 கிராமுக்கு 60 கிராம் அளவில் மாவுச்சத்து உண்டு. 'சிறுதானியக் குக்கீ, சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருப்பட்டியும் அப்படியே. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை, ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான்.

முதலில் பாக்கெட் பாதாம் மாவு. ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது. தோலோடு அரைத்தது பழுப்புப் புள்ளிகளோடு, ரவை போல இருக்கும். குக்கீ கரகரக்கும், லேசாகத் துவர்க்கும். தோல் நீக்கி நைசாக அரைத்தது வெளிர் மஞ்சளாக இருக்கும். நமக்கு வேண்டியது இதுதான். மூன்றாவது வகை, எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சியதை மாவாக்கியது. இதுதான் ஆளை ஏமாற்றும். பார்வைக்கு இன்னும் வெள்ளையாக, இன்னும் நைசாக இருக்கும், ஆனால் வெண்ணெயை எவ்வளவு போட்டாலும் குடித்துவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பாக்கெட்டின் பின்னால் உள்ள சத்து அட்டவணை. 100 கிராமுக்குக் கொழுப்பு 50 கிராம் அளவில் இருந்தால் முழுப் பாதாம். 15, 20 என்று இருந்தால் எண்ணெய் எடுத்தது. கீழே சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

பாக்கெட்டைத் திறந்ததும் இரண்டு சோதனைகள். ஒரு சிட்டிகை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நல்ல மாவு பால்பவுடர் போல வழுக்கி, அழுத்தினால் மெல்லிய தகடாக ஒட்டி நிற்கும். அடுத்தது வாடை. பாதாமுக்குப் பாலின் மணம் போல ஒன்று உண்டு. அது இல்லாமல் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம், எந்த எசன்ஸ் போட்டும் அது மறையாது. சித்திரை, வைகாசி வெயிலில் கூரியர் வண்டியில் நாலு நாள் கிடந்து வரும் மாவுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அந்த மாதங்களில் பாக்கெட்டாக வாங்குவதைவிடப் பாதாம் பருப்பு வாங்கி வீட்டில் அரைப்பது நல்லது.

வீட்டில் அரைக்கிற விதம்: 250 கிராம் பாதாமைக் கொதிக்கும் நீரில் போட்டு ஒரே நிமிடம் விட்டு வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசினால் தோல் விரலால் அழுத்தும்போதே கழன்று வரும். இரவெல்லாம் ஊறவைத்து உரிக்க வேண்டாம். பருப்பு குடித்த தண்ணீர் போகவே போகாது. உரித்ததைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஒரு இரவு, பிறகு 80 டிகிரி ஓடிஜியில் (வீட்டுச் சின்ன மின் அடுப்பு) அரை மணி நேரம். ஒரு பருப்பைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. முழுதும் ஆறியபின் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், திருகைப் பின்பக்கமாகத் திருப்பி இரண்டிரண்டு நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். பத்து, பன்னிரண்டு சுற்று போதும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து ஜாரின் அடியில் விழுதாக ஒட்டிக்கொள்ளும். சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை அடுத்த சுற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். பாக்கெட் அளவுக்கு நைஸ் வராது என்பது உண்மை. குக்கீ சற்றே நறநறப்பாக இருக்கும். மணத்தில் மட்டும் எந்தப் பாக்கெட்டும் இதன் பக்கத்தில் வராது.

அடிப்படை அளவு இது: பாதாம் மாவு 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 60 கிராம், முட்டை மஞ்சள் கரு ஒன்று, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலப்பொடி கால் டீஸ்பூன். வெண்ணெயையும் எரித்ரிட்டாலையும் வெளுக்கும்வரை குழைத்து, கருவைச் சேர்த்து, மற்றதெல்லாம் போட்டு விரல் நுனியால் திரட்டினால் சப்பாத்தி மாவைவிட மிருதுவான உருண்டை வரும். நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் பாதி உருகித்தான் இருக்கும். ஆகவே மாவை மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பதை விடவே கூடாது. 20 உருண்டையாகப் பிரித்து (ஒன்று 17, 18 கிராம் வரும்) முள்கரண்டியால் அரை விரற்கடை கனத்துக்கு அமுக்குங்கள். மைதா பிஸ்கட் அடுப்பில் தானே பரவும். இது பரவாது, வைத்த கனத்திலேயே வேகும். பந்தாக வைத்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் பார்த்தால் ஒரு குக்கீக்கு நிகர மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதே அளவை மைதாவும் சர்க்கரையும் போட்டுச் செய்தால் ஒன்றுக்கு 10 கிராம். கலோரி மட்டும் குறையாது. பாதாமும் வெண்ணெயும் சேர்ந்து ஒரு குக்கீ 85, 90 கலோரி வரும். எடை குறைக்கிறேன் என்று ஒரே உட்காரலில் ஏழு எட்டு சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டையும் தாண்டிப் போய்விடும்.

ஓடிஜியை 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் சூடாக்கிவிட்டு, நடுத்தட்டில் 12 முதல் 14 நிமிடம். முதல் எட்டு நிமிடம் கீழ்க் கம்பி மட்டும், பிறகு இரண்டும். பதினோராவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரத்தில் பழைய தாள் நிறத்தில் ஒரு கோடு கிளம்பும், நடு இன்னும் வெளுப்பாகவே இருக்கும், வெண்ணெய் மேலே சின்னச் சின்னக் கொப்புளமாகத் துடிக்கும். அந்தக் கோடு தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். நடுவும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடி கருகிக் கசக்கும், ஏனென்றால் எரித்ரிட்டால் சர்க்கரையைப் போல நிறம் கொடுக்காது. சிவப்பது பாதாம் மட்டும்தான், அது சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையில் இரண்டு நிமிடம்கூட இல்லை. எடுத்தவுடன் தொட வேண்டாம். அப்போது அது ஈரமணல்போல இருக்கும். தட்டிலேயே இருபது நிமிடம் விட்டால் கொழுப்பு இறுகி மொறுமொறுப்பு தானே வரும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் 'வேகவில்லை' என்று நினைத்துத் திரும்ப அடுப்பில் வைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆறிய பிறகும் உதிர்ந்தால் பிடிமானம் போதவில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் இங்கே இல்லை, அதன் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். இசப்கோல் ஒரு டீஸ்பூன் போதும். மருந்துக் கடையில் எதுவும் கலக்காத உமி என்று கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு சுவை சேர்த்த டப்பாக்களில் சர்க்கரை இருப்பதுண்டு. ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் கொழகொழப்புத் தட்டும். முட்டை சேர்க்காத சைவ வீடுகளில் அரைத்த ஆளி விதை ஒரு டேபிள்ஸ்பூனை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பாதியைச் சேர்த்தால் மஞ்சள் கருவுக்குப் பதிலாக நிற்கும். முழு முட்டை போட்டால் வெள்ளைக் கரு உப்பிக் கேக் போல ஆக்கிவிடும். மொறுமொறுப்பு வேண்டுமானால் மஞ்சள் மட்டும்.

இனி தேங்காய் மாவு. இதைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லாத ஊர் இது. தேங்காய்ப் பால் குழம்பான சொதிக்கு மூன்று பால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையை எத்தனை வீட்டில் தூக்கிப் போடுகிறோம்! அதுதான் மாவு. பிழிந்த ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும். பங்குனி வெயில் நாளில் மதியம்வரை பாத்திரத்திலேயே கிடந்தால் புளித்த வாடை ஏறிவிடும். நல்ல வெயிலில் ஒரு பகல், அல்லது 90 டிகிரி ஓடிஜியில் இடையிடையே கிளறி இரண்டு மணி நேரம். கையில் எடுத்தால் பொலபொலவென்று மணல்போல விழும் பதம் வந்ததும் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். நடுத்தரத் தேங்காய் இரண்டுக்கு 80 முதல் 100 கிராம் தேறும். கடை மாவு எண்ணெய் நன்றாக எடுத்தது, ஆகவே ஈரத்தை மிகவும் இழுக்கும். நம் சக்கையில் கொழுப்புக் கொஞ்சம் தங்கியிருப்பதால் அந்த அளவுக்கு இழுக்காது, கெடுவதும் சீக்கிரம். ஃப்ரிட்ஜில் மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆனால் தேங்காய் மாவு மட்டும் போட்டுக் குக்கீ செய்வதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பாதாம் மாவுக்குச் சரி அளவாக இதைப் போட்டால் தொண்டையில் அடைக்கும். 60 கிராம் தேங்காய் மாவுக்கு 70 கிராம் வெண்ணெயும் இரண்டு முழு முட்டையும் கேட்கும். அப்படியும் கிடைப்பது மெத்தென்ற சின்னக் கேக்தான். இதன் சரியான இடம் துணை மாவு. மேலே சொன்ன அளவில் பாதாமை 170 கிராமாகக் குறைத்து வீட்டுத் தேங்காய் மாவு 20 கிராம் சேர்த்துப் பாருங்கள். பாதாமின் எண்ணெய்ப்பசை குறைந்து கடிக்கும்போது ஒரு சுத்தமான முறிவு வரும், பின்வாயில் சொதியின் மணம் லேசாக நிற்கும். இந்த மதிப்பீட்டில் சுவைக்கு முதலிடம் இந்தக் கலவைக்கே.

விலைக்கு முதலிடம் நிலக்கடலைக்கு. சங்கரன்கோவில் பக்கத்துக் கடலை 250 கிராமை வறுத்து, தோலைப் புடைத்து, மிக்ஸியில் எண்ணெய் கசிந்து இளகும்வரை அரைத்து, ஒரு முட்டை, 70 கிராம் எரித்ரிட்டால், உப்பு கால் டீஸ்பூன். வேறு மாவு எதுவும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். 18 குக்கீ, 170 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், ஒன்றுக்கு நிகரம் ஒரு கிராம் அளவில். வறுப்பது சிறுதீயில் நிதானமாக. ஒரு பருப்பு கருகினாலும் மொத்தமும் கசக்கும். கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 'கடலை மாவு' என்று கேட்டால் பஜ்ஜி மாவைத்தான் தருவார்கள். அதிலும் பொட்டுக்கடலையிலும் நிகர மாவுச்சத்து 45 கிராமுக்கு மேல். பெயர் ஒன்றாக இருப்பதால் சர்க்கரை ஏறியபின் காரணம் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு.

சூரியகாந்தி விதை மாவை ஒரே வரியில் முடித்துவிடலாம்: பேக்கிங் சோடாவோடு சேர்ந்தால் ஆறும்போது உள்ளே பச்சை பூக்கும்; விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் வேலை அது, பூஞ்சை இல்லை, சாப்பிடலாம்.

இனிப்பூட்டியில் எரித்ரிட்டால்தான் எங்கள் தேர்வு. சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 சதவீதம். உடம்பு பெரும்பகுதியை அப்படியே சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. குறைகள் இரண்டு. கல்கண்டுத் தூள் போல வரும் அதை அப்படியே போட்டால் குக்கீ ஆறியதும் மறுபடி படிகமாகிப் பல்லில் நறுக்கென்று கடிபடும். உலர்ந்த ஜாரில் நைசாகப் பொடித்து, தூசி அடங்க இரண்டு நிமிடம் விட்டு மூடியைத் திறங்கள். இரண்டாவது, நாக்கில் ஒரு குளிர்ச்சி, புதினா மிட்டாய் தின்றது போல. சுக்குப்பொடி அரை டீஸ்பூன் சேர்த்தால் அதன் காரம் அந்தக் குளிர்ச்சியை அமுக்கிவிடுகிறது. ஏலத்தைவிட இதற்குச் சுக்குதான் பொருத்தம். ஸ்டீவியா கலந்து 'சர்க்கரைக்குச் சமம்' என்று விற்கும் கலவையானால் 60 கிராமை 40, 45 ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கசப்பு எட்டிப் பார்க்கும். வெறும் ஸ்டீவியாப் பொடியில் குக்கீ சரிவராது. இனிப்பு வரும், ஆனால் 60 கிராம் பொருள் மாவில் குறைந்துபோவதால் குக்கீ கொழுப்பாகத் தளரும். மலிவான ஸ்டீவியாப் பாக்கெட்டில் மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டுகளில் வரும் மால்டிடாலும் ஓரளவு ஏற்றும், வயிற்றையும் கலக்கும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய் வளர்க்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சிறு துண்டுகூட நாயின் உயிருக்கு ஆபத்து.

நிறத்துக்காக ஒரு சலுகை: கடும் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 60 கிராம் எரித்ரிட்டாலில் 10 கிராமை எடுத்துவிட்டு உடன்குடிக் கருப்பட்டித் தூள் 10 கிராம் போடலாம். ஒரு குக்கீக்குக் கூடுவது அரை கிராமுக்குள்தான். சிவப்பும் மணமும் சட்டென்று மாறும்.

எரித்ரிட்டால் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் கண்டதாகச் சொன்னது. அது ஒரு தொடர்பு. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, உடம்பே அதைச் சிறிது உண்டாக்குகிறது. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது முறை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும், மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை கீழே இறங்கக்கூடும் என்பதால், கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூனை எரித்ரிட்டாலில் செய்யலாமா என்று இந்தப் பக்கம் எல்லோரும் கேட்பார்கள். செய்யாதீர்கள். மக்ரூனின் உடம்பே வெள்ளைக் கருவில் கரைந்த சர்க்கரைதான்; எரித்ரிட்டால் அந்த அளவுக்குக் கரையாது, நுரை இறங்கிவிடும், ஆறியபின் வாயில் மணலும் குளிர்ச்சியும்தான் மிஞ்சும். அதில் சேரும் முந்திரியின் 27 கிராம் வேறு. ஆசையானால் அசல் மக்ரூன் ஒன்றே ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

'கீட்டோ குக்கீ மிக்ஸ்' பாக்கெட்டுகளுக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. பொருள்களை எடை இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலைப் படித்தால் பாதாம் மாவு, எரித்ரிட்டால், தேங்காய் மாவு, பேக்கிங் பவுடர், சாந்தன் கம். எல்லாம் மேலே சொன்னதுதான். வெண்ணெயும் முட்டையும் நாம்தான் போட வேண்டும். கலந்து கொடுத்ததற்கு அத்தனை காசு தேவையில்லை. எரித்ரிட்டால் முதல் இடத்திலும் பாதாம் இரண்டாம் இடத்திலும் இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுப்பு விஷயத்தில் 25 முதல் 30 லிட்டர் ஓடிஜி போதும். 1500 வாட் இழுப்பதால் ஏசிக்குப் போடும் பெரிய பிளக் பாயிண்டில்தான் செருக வேண்டும். திருகில் 160 என்று வைத்தால் உள்ளே 180 இருப்பது சாதாரணம். அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் பாதித் தோல்வி அன்றோடு தீரும். ஏர் ஃப்ரையரில் 150 டிகிரி, 8 முதல் 9 நிமிடம்; பட்டர் பேப்பரைக் காற்று தூக்காதபடி குக்கீயை ஓரம்வரை அடுக்குங்கள். உப்புப் பரப்பிய கடாயில் சுடுவது பாதாமுக்கு ஒத்துவராது. மேல் சிவக்கும் முன்னே அடி தீய்ந்துவிடும்.

மிச்ச மாவை உருளையாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும், வேண்டும்போது வட்டமாக அறுத்துச் சுடலாம். சுட்டதை முழுதும் ஆறவிட்டு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தால் நெல்லையின் வறண்ட மாதங்களில் பத்து நாள் மொறுமொறுப்பு போகாது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும் தென்காசிப் பக்கம் நாலாம் நாளே தளரும், அதிலும் தேங்காய் மாவு சேர்த்தது முதலில் தளரும், நார் ஈரத்தை இழுக்கும். 130 டிகிரியில் ஆறு நிமிடம் காட்டி, தட்டிலேயே ஆறவிட்டால் பழையபடி வந்துவிடும்.